‘எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டேன், இப்போது என் நாயின் காதில் தையல்

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் ஷி ட்சூ நாய்க்கு நான்கு வயது. நானும் கணவரும் வேலைக்குப் போவதால் வாரத்தில் மூன்று நாள் பகல் காப்பகத்தில் விடுவோம். குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது எல்லாம் அதே இடத்தில்தான். போன வாரம் முடி வெட்டவும் சொல்லிக் காலை ஒன்பது மணிக்கு விட்டு, மாலை ஆறு மணிக்கு அழைத்துவரப் போனேன். வழியெல்லாம் தலையை உதறிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது காதின் பின் ஓரத்தில் முடியோடு சேர்ந்து ரத்தம் உறைந்திருந்தது. அதன்மேல் மஞ்சளாக ஏதோ பொடி. மருத்துவர் ஐந்து தையல் போட்டார். காப்பகத்தில் கேட்டால், "காலையில் வரும்போதே காயம் இருந்தது. காதுக்குப் பின்னால் அவ்வளவு சிக்கு விழ விட்டது நீங்கள்தான்" என்கிறார்கள். சேர்க்கும்போது, எந்தக் காயத்துக்கும் அவர்கள் பொறுப்பல்ல என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேச்சை இத்தோடு விட்டால் ஆறு மாதம் இலவசமாகக் குளிப்பாட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஏதாவது வழி உண்டா? வேறு இடம் பார்ப்பதென்றால் எதை வைத்து நம்புவது?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் நிறுத்தி மறுபடி படித்தது அந்த மஞ்சள் பொடியைப் பற்றிய வரியைத்தான். நகம் வெட்டும்போது சதையில் பட்டு ரத்தம் வந்தால் நிறுத்துவதற்கென்று, குரூமிங் செய்பவர்கள், அதாவது நாயைக் குளிப்பாட்டி முடியும் நகமும் வெட்டுபவர்கள், ஸ்டிப்டிக் பொடி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். காதில் இருந்தது அதுதான் என்றால், அங்கே ஒருவர் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார், பொடியை வைத்து அழுத்தியிருக்கிறார், அப்புறம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நாயை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். காலையிலேயே இருந்த காயம் என்றால் ஒன்பது மணிக்கே உங்களுக்குப் போன் வந்திருக்க வேண்டாமா? "ஏற்கெனவே இருந்தது" என்ற பதிலை அந்தப் பொடியே ஆட்டம்காண வைக்கிறது.

அதைப் படம் எடுத்திருந்தால் கைப்பேசியில் உள்ள மூலப் படத்தை அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில் எடுத்த நேரம் முதலிய விவரங்கள் போய்விடும். படம் எடுக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, தையல் போட்ட மருத்துவரிடம் இன்றே போய் எழுத்தில் கேளுங்கள்: காயம் எவ்வளவு நீளம், ஓரம் நேராக வெட்டுப்பட்டதா, பிய்ந்ததா அல்லது கடிபட்டதா, பார்க்கும்போது எத்தனை மணி நேரப் பழசாகத் தெரிந்தது, மேலே பொடி இருந்ததா. "கத்தரிக்கோல் பட்ட மாதிரி இருக்கு" என்று அவர் வாயால் சொன்னால் எனக்குப் போதும், தீர்ப்பு சொல்பவருக்குப் போதாது.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. அதனால் பல நாடுகளுக்கும் பொதுவான அடிப்படையைச் சொல்கிறேன். வழக்குப் போட எவ்வளவு காலம், எந்த மன்றத்துக்குப் போவது என்ற இரண்டும் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை மட்டும் அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் பொருளை ஒருவரிடம் குறிப்பிட்ட வேலைக்காகக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதைச் சட்டத்தில் ஒப்படைப்பு என்போம். ஆங்கிலச் சட்ட மரபில் அதற்குப் பெயர் பெயில்மென்ட். நாயைப் பொருள் என்று எழுத எனக்கே மனம் ஒப்பவில்லை. ஆனால் உங்கள் வழக்கில் இந்தப் பழைய விதிதான் உங்களுக்குத் துணை. இங்கிலாந்தில் 1703இல் தீர்ப்பான கோக்ஸ் எதிர் பெர்னார்ட் வழக்கில், பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருவதாக ஒருவர் ஏற்றுக்கொண்டார். கூலி ஏதும் வாங்கவில்லை. கவனக்குறைவில் ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி கொட்டியது. கூலி வாங்காவிட்டாலும், பொறுப்பை ஏற்றுக் கையில் வாங்கியவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நீங்களோ பணம் கட்டி விட்டிருக்கிறீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151ஆம் பிரிவில் இதே கருத்தை எழுதி வைத்திருக்கிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. சாதாரணமாக, எதிராளியின் கவனக்குறைவை வழக்குப் போடுபவர்தான் நிரூபிக்க வேண்டும். ஒப்படைப்பில் அப்படியல்ல. நல்ல நிலையில் கொடுத்தேன், காயத்தோடு திரும்பி வந்தது என்று நீங்கள் காட்டிவிட்டால் போதும். தங்கள் கவனக்குறைவால் நடக்கவில்லை என்று காட்டும் சுமை காப்பகத்தின் மேல் விழுந்துவிடும். கதவுக்குப் பின்னால் ஒன்பது மணி நேரம் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! ஆகவே உங்கள் வேலை, காலை ஒன்பது மணிக்குக் காது நன்றாக இருந்தது என்று காட்டுவதுதான். முந்தைய நாள் எடுத்த படம், காலையில் வாசலில் எடுத்த வீடியோ, பகலில் காப்பகமே அனுப்பிய படம் எதுவானாலும் தேடுங்கள். நாய்கள் விளையாடுவதைக் காப்பகங்கள் படம் எடுத்து அனுப்புவது சகஜம். அதில் வலது காது தெரிந்தால், அவர்கள் எடுத்த படமே உங்களுக்குச் சாட்சி.

சரி, அந்தப் படிவம். கையெழுத்துப் போட்டதை எண்ணி நொந்துகொள்ள வேண்டாம், எல்லோரும்தான் போடுகிறோம். இப்படிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகங்களை நீதிமன்றங்கள் இறுக்கமாகத்தான் படிக்கும். இரண்டு விதமாகப் பொருள்படும் இடத்தில், எழுதியவருக்குப் பாதகமான பொருளையே எடுக்கும். "விளையாடும்போது ஏற்படும் சிராய்ப்புகளுக்குப் பொறுப்பல்ல" என்று இருந்தால், கத்தரிக்கோல் காயம் அதில் அடங்காது. கவனக்குறைவு என்ற சொல் படிவத்தில் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உங்கள் பக்கம் இன்னும் பலமாகிறது. வந்தாலும் கதை முடிந்துவிடாது. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும், இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள் நியாயமற்றவை என்று வாதாட நுகர்வோருக்கு இடம் கொடுக்கின்றன.

‘நாங்கள் பொறுப்பல்ல’ என்று சுவரில் மாட்டிய பலகையைக் காப்பகத்தார் காட்டினால் அதற்கும் பதில் இருக்கிறது. 1949இல் ஓலி எதிர் மார்ல்பரோ கோர்ட் என்ற வழக்கு. ஹோட்டல் வரவேற்பறையில் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு பெண்ணின் உடைமைகள் அறையிலிருந்து திருடு போயின. நாங்கள் பொறுப்பல்ல என்ற அறிவிப்பு அறைக்குள் இருந்தது. ஒப்பந்தம் வரவேற்பறையிலேயே முடிந்துவிட்டது, அதற்கப்புறம் கண்ணில் பட்ட அறிவிப்பு அதில் சேராது என்பது தீர்ப்பு.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லத்தான் வேண்டும். சிக்கு விழுந்திருந்தது உண்மையா? ஷி ட்சூ போன்ற நீள முடி நாய்களுக்குக் காதுக்குப் பின்னால் முடி திரண்டு கட்டியாகிவிடும், அடித்தோலும் அதனோடு இழுபட்டு மேலே வரும். கத்தரிக்கோலை நுழைத்தால் எது முடி, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இந்த ஆபத்து தொழில் தெரிந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். கிளிப்பரால், அதாவது முடி மழிக்கும் கருவியால், அடியோடு வழித்திருக்கலாம், "சிக்கு அதிகம், என்ன செய்யட்டும்?" என்று உங்களைக் கேட்டிருக்கலாம், முடியாது என்றே சொல்லியிருக்கலாம். இவற்றில் ஒன்றும் செய்யாமல் கத்தரியை எடுத்ததற்கு உங்கள் வீட்டுச் சிக்கைக் காரணம் காட்ட முடியாது. இழப்பீட்டுத் தொகை சற்றுக் குறைய வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். இதை மறைக்காமல் நீங்களே முதலில் ஒப்புக்கொள்வது நல்லது.

எவ்வளவு கிடைக்கும்? மருத்துவச் செலவு, மருந்து, கட்டுப் பிரிக்கப் போய்வரும் செலவு, அன்றைய குரூமிங் கட்டணம் ஆகியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். ‘நாயின் விலையைவிடச் செலவு அதிகம்’ என்ற வாதம் இன்று பல இடங்களில் எடுபடுவதில்லை. ஜெர்மனியின் குடிமைச் சட்டம் 1990 முதல் விலங்குகள் பொருள்கள் அல்ல என்றே சொல்கிறது. மருத்துவச் செலவு விலங்கின் மதிப்பைத் தாண்டுகிறது என்பதற்காக மட்டும் அதை மறுக்கவும் முடியாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2012இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் நியாயமான மருத்துவச் செலவைக் கேட்கலாம் என்றது. மன வேதனைக்கு இழப்பீடு கிடைப்பது மட்டும் கடினம். டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2013இல், நாயையே இழந்த குடும்பத்துக்கும் பாசத்தின் பேரில் இழப்பீடு தர முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு எனக்குக் கசப்பானதுதான், ஆனால் உங்களுக்கு வீண் நம்பிக்கை தரமாட்டேன்.

இன்றே செய்ய வேண்டியது ஒரு கடிதம். அந்தத் தேதியில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரையிலான சிசிடிவி பதிவு, அன்று குரூமிங் செய்தவர் யார் என்ற விவரம், அன்றைய பதிவேடு ஆகியவற்றை அழிக்காமல் வைக்கும்படி எழுதி, சேர்ந்ததற்கு அத்தாட்சி வரும்படி அனுப்புங்கள். சிசிடிவி பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தாமாகவே மேலெழுதப்பட்டுவிடும். உங்கள் கடிதம் கிடைத்த பிறகு பதிவு காணாமல் போனால் அதுவே அவர்களுக்கு எதிராகத் திரும்பும். ஆத்திரத்தில் கடையின் பெயரைப் போட்டுச் சமூக ஊடகத்தில் எழுதிவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அவதூறு வழக்குக்கு நீங்கள் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

அடுத்த இடத்தை எதை வைத்து நம்புவது என்று கேட்டீர்கள். நான் முதலில் படிவத்தைத்தான் பார்ப்பேன். நல்ல இடத்தின் படிவம் முக்கால்வாசி நாயைப் பற்றிக் கேட்கும்: என்ன தடுப்பூசி எப்போது போட்டது, யாரையாவது கடித்திருக்கிறதா, வலிப்பு வருமா, எதற்குப் பயப்படும், எங்கே தொட்டால் பிடிக்காது, ஆபத்தென்றால் எந்த மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மற்ற இடத்தின் படிவம் தன் பொறுப்பின்மையைப் பற்றி மட்டும் பேசும். வெறிநாய்க்கடி, டிஸ்டெம்பர், பார்வோ, கென்னல் இருமல் தடுப்பூசிகளுக்கான அட்டையைப் பார்க்காமல் உங்கள் நாயைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால், பக்கத்தில் படுத்திருக்கும் நாயின் அட்டையையும் பார்த்திருக்க மாட்டார்கள். கேட்கும் கேள்விக்கு நீங்களும் உண்மையைச் சொல்லுங்கள். கடிக்கும் பழக்கத்தை மறைத்துச் சேர்த்து, அது இன்னொரு நாயைக் கடித்துவிட்டால் பொறுப்பு உங்கள் மேல்தான் வரும்.

அப்புறம், குளிப்பாட்டும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். வரவேற்பறையின் அழகை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கூண்டுக்குள் அடைத்து வெப்பக் காற்று விடும் டிரையர் இருந்தால், உங்கள் நாயை அங்கே விடவே விடாதீர்கள். நாய் உடல் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. ஷி ட்சூ, பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அதுவே சிரமம். மேசையில் கழுத்து வளையத்தை மாட்டிவிட்டு ஆள் நகர்ந்து போகிறாரா என்றும் கவனியுங்கள். நாய் குதித்தால் அந்த வளையமே சுருக்காகிவிடும். பெரிய நாயையும் சின்ன நாயையும் ஒரே இடத்தில் விடுகிறார்களா, மதிய நேரத்தில் எத்தனை நாய்க்கு எத்தனை ஆள் என்பதைச் சொல்லிக் கேட்காமல் நேரில் போய்ப் பாருங்கள்.

உரிமம் இருக்கிறதா என்று கேட்கும்போது எதற்கான உரிமம் என்றும் கேளுங்கள். இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, தொழிலாக நாய்ப் பகல் காப்பகம் நடத்த உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். முடி வெட்டுவதற்கு அந்த உரிமம் தேவையில்லை. ஒரே கூரையின் கீழ் பாதி வேலைக்கு மட்டும் கண்காணிப்பு இருக்கலாம்.

"கடைசியாக இங்கே ஒரு நாய்க்கு எப்போது காயம் பட்டது, அப்போது என்ன செய்தீர்கள்?" என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். நாய்களோடு வேலை செய்யும் இடத்தில் சின்னக் காயம்கூட ஏற்பட்டதே இல்லை என்பவரை நான் நம்பமாட்டேன். "நகத்தில் ரத்தம் வந்தது, உடனே வீட்டுக்குப் போன் செய்தோம், ஏட்டில் எழுதியிருக்கிறோம், இதோ" என்பவரிடம் என் நாயை விடுவேன். சேர்த்த பிறகும், விடும் நாளெல்லாம் வாசலில் ஒரு படம் எடுத்து, "காது, பாதம், தோல் நன்றாக இருக்கிறது, சிக்கு இருந்தால் வெட்டாமல் கூப்பிடவும்" என்று அவர்கள் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நீங்கள் இன்று தேடிக்கொண்டிருக்கும் காலை ஒன்பது மணிச் சாட்சி தினமும் தானாகச் சேர்ந்துவிடும்.

இனி அந்த ஆறு மாத இலவசம். இப்போது ஏற்காதீர்கள். "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற ஒரு வரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவார்கள், அதற்கப்புறம் எதுவும் கேட்க முடியாது. காதுத் தையல் பிரிக்கச் சாதாரணமாக 10 முதல் 14 நாள் ஆகும். இடையில் தலையை உதறிக்கொண்டே இருந்தால் காது மடலுக்குள் ரத்தம் கட்டி, மறுபடி சிகிச்சை தேவைப்படலாம். சிகிச்சை முடிந்தது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு மொத்தச் செலவைக் கூட்டிக் கேளுங்கள். சமாதானமாகப் போவதென்றாலும் பணமாக வாங்குங்கள். அந்தக் காயத்தை மறைத்து நாயைக் கொடுத்த அதே மேசைக்கு அவளை மறுபடி அனுப்பினால்தானே அந்த இலவசமே உங்களுக்குக் கிடைக்கும்?