கலை அருங்காட்சியகத்தில் இன்னொருவருடன் ஒரு நாள் முழுக்கச் சலிக்காமல் இருப்பது எப்படி?

உள்ளே போனதும் பிரிந்துவிடுங்கள். நானும் என் மனைவியும் அப்படித்தான் பார்க்கிறோம்.

இரண்டு பேருக்குப் பார்க்கும் வேகம் ஒன்றாக இருப்பது அபூர்வம். அவள் தனக்குப் பிடித்த ஓவியத்தின் முன்னால் அசையாமல் நின்றுவிடுவாள். நான் அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் எங்கே நிற்பது என்று முடிவு செய்வேன். ஒட்டிக்கொண்டே நடந்தால் ஒருவர் அவசரப்பட வேண்டும், மற்றவர் காத்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகப் பார்ப்போம். அப்புறம் ஆளுக்கு ஒரு படத்திடம் மற்றவரை அழைத்துப் போவோம். ஏன் பிடித்தது என்று உடனே சொல்வதில்லை, முதலில் அவர் கண்ணால் பார்க்கட்டும்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் வெர்மீரின் பால் ஊற்றும் பெண் ஓவியம் இருக்கிறது. 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம், அவ்வளவுதான். எனக்கு அதில் பிடித்தது மெல்லிய நூலாக விழும் பாலும், ரொட்டியின் மேல் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும் வெளிச்சமும். என் மனைவி காட்டியது வேறு. மேலே வெற்றுச் சுவரில் ஓர் ஆணி, அதற்கு ஒரு நிழல். கீழே சுவரோரத்து டைல்ஸில் குட்டியாக ஒரு க்யூபிட், ரோமானியரின் காதல் கடவுள். இவ்வளவு சின்னப் படத்தில் இரண்டையும் நான் பார்க்கவே இல்லை. துணையோடு போவதன் பலன் எனக்கு இதுதான்: இன்னொரு ஜோடிக் கண்கள்.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அருங்காட்சியகச் சோர்வு என்பது பழைய விஷயம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் 1916-லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். காட்சிப் பொருள்களையும் குறிப்புகளையும் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படம் பிடித்தே காட்டினார். எனவே காலையில் மூன்று நான்கு அறைகள் போதும். நடுவில் வெளியே வந்து நன்றாகச் சாப்பிட்டு, கால்களுக்கு ஓய்வு கொடுங்கள். மாலையில் புதிய அறைகளைத் தேடிப் போகாமல், காலையில் பிடித்தவற்றையே இன்னொரு முறை பாருங்கள். இரண்டாம் முறைதான் பேச்சு சூடு பிடிக்கும்.

சரி, கூட வருபவருக்கு ஓவியத்தில் ஆர்வமே இல்லையென்றால்? வரலாறு சொல்ல ஆரம்பிக்காதீர்கள், ஒரு புதிரைக் கொடுங்கள். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸ் 1656-ல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ இருக்கிறது. அதில் ஓவியரே தூரிகையோடு நின்று நம்மைப் பார்க்கிறார். பின்சுவர்க் கண்ணாடியில் ராஜாவும் ராணியும் தெரிகிறார்கள். அவர்கள் நாம் நிற்கும் இடத்தில் நிற்கிறார்களா, இல்லை ஓவியர் வரைந்துகொண்டிருக்கும் திரையில் இருப்பதுதான் கண்ணாடியில் தெரிகிறதா? அறிஞர்களே இதில் ஒத்துப்போகவில்லை. கலையைப் பற்றி ஒன்றும் படிக்காதவரும் தைரியமாக ஒரு கட்சி எடுத்து வாதாடலாம்.