நாள் சொல்லாத அழைப்பு

கேள்வி: அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். மனைவி முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மகனுக்கு எட்டு வயது. வந்து எட்டு மாதமாகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், மழையைப் பற்றிப் பேசுகிறார்கள், "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்கிறார்கள். எந்த நாள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இப்போது கோடை, தெருவெல்லாம் தோரணம், வாரத்துக்கு ஒரு விழா. நாங்கள் குடிப்பதில்லை. இவர்களோடு எப்படி ஒட்டுவது?

பதில்: "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று நாமும்தான் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறோம். யார் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வருகிறார்கள்? இதுவும் அதே கணக்குதான். அதற்காகக் காத்திருந்தால் அடுத்த கோடையும் போய்விடும். அயர்லாந்தின் சின்ன ஊர்களில் பழக்கம் வரவேற்பறையில் பிறப்பதில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும் இடத்தில் பிறக்கிறது. அதனால் விருந்தாளியாகப் போகாதீர்கள், வேலைக்காரராகப் போங்கள்.

முதலில் 'டைடி டவுன்ஸ்' குழு. ஊர்த் தூய்மைக்கான இந்தப் போட்டி 1958-ல் தொடங்கியது. நடுவர்கள் கோடையில் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, சுற்றிப் பார்த்து, மதிப்பெண் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். யார், எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பதற்றத்திலேயே ஜூன், ஜூலை மாலைகளில் ஒரு கூட்டம் மஞ்சள் மேலாடை மாட்டிக்கொண்டு களை பிடுங்கும், பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும். ஜூன் கடைசியில் உங்கள் பக்கம் சூரியன் மறைய இரவு பத்து தாண்டும், அதனால் சாப்பிட்டுவிட்டே போகலாம். உறுப்பினர் படிவமெல்லாம் கேட்க மாட்டார்கள், கையுறை இருந்தால் போதும். ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்ந்தபின் மதில்மேல் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறப்பார்கள். நீங்கள் போனதே அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான்.

தேநீர் நீட்டினால் நம் வழக்கப்படி "வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன்" என்று சொல்லிப் பாருங்கள். விடமாட்டார்கள், மறுபடி கேட்பார்கள். ஏனென்றால் அவர்களும் அப்படித்தான்: முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு, இரண்டாவது தயக்கத்துக்கு, மூன்றாவது முறை கோப்பை கையில். உங்கள் வீட்டுக்கு அவர்கள் வரும்போதும் இதை மறக்காதீர்கள். ஒரே தடவை கேட்டுவிட்டு விட்டால் அவர் பாவம், தாகத்தோடு திரும்புவார்!

அப்புறம் மகன். ஊரின் நடுநரம்பு ஜி.ஏ.ஏ. (கேலிக் விளையாட்டுச் சங்கம்) கிளப். 1884-ல் தர்லஸ் ஊரில் தொடங்கிய இந்தச் சங்கம்தான் மட்டையும் பந்துமாக ஆடும் ஹர்லிங்கையும், அயர்லாந்துக்கே உரிய கேலிக் கால்பந்தையும் நடத்துகிறது. கிளேர் ஹர்லிங் பித்துப் பிடித்த மாவட்டம். 2024 அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் கூடுதல் நேரம் வரை போய் கார்க் அணியை ஒரே புள்ளியில் வென்றார்கள். நீங்கள் பார்க்கும் மஞ்சள்-நீலத் தோரணம் விழாவுக்குக் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். அது மாவட்ட அணியின் நிறம். பள்ளி விடுமுறையில் 6 முதல் 13 வயதுக்காரர்களுக்கு 'கூல் கேம்ப்' என்று ஒரு வாரப் பயிற்சி நடக்கும். பையனைச் சேர்த்துவிடுங்கள். மட்டையும் ஹெல்மெட்டும் இல்லையென்றால் கிளப்பிலேயே கேளுங்கள், யார் வீட்டுப் பரணிலாவது சின்னதாகிப்போன ஒன்று கிடக்கும்.

பையனை விட்டதும் காரில் ஏறிப் போய்விடாதீர்கள். மைதானக் கோட்டோரம் நில்லுங்கள். பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்யக் காவல்துறைச் சரிபார்ப்பு தேவை, அதற்கு நாளாகும். கார் நிறுத்துமிடத்தில் கை காட்டவும், சாண்ட்விச் வெட்டவும் இன்றே ஆள் வேண்டியிருக்கும். ஆட்டம் புரியவில்லை என்றால் இன்னும் நல்லது. பக்கத்தில் நிற்பவரிடம் "இது ஏன் ஃப்ரீ?" (தவறுக்காக எதிரணிக்குத் தரும் அடி) என்று கேளுங்கள், ஒரு மணி நேரப் பேச்சுக்கு அது போதும்.

பப் பற்றித் தயங்குகிறீர்கள், தெரிகிறது. அங்கே எலுமிச்சை சோடா குடிப்பவரை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. ஆனால் 'ரவுண்ட்' முறை ஒன்று உண்டு: ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். அவர் வாங்கிய சோடாவைக் குடித்துவிட்டு உங்கள் முறை வருமுன் எழுந்து போனால் அது ஊருக்கே தெரிந்துவிடும். விருப்பமில்லையா, "எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன், ஒன்றோடு கிளம்பணும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மகனையும் அழைத்துப் போகலாம். மே முதல் செப்டம்பர் வரை இரவு பத்து மணிக்குள் அவன் வெளியே வந்துவிட வேண்டும், மற்ற மாதங்களில் ஒன்பது. மூலையில் நாலைந்து பேர் ஃபிடிலும் புல்லாங்குழலும் வாசித்துக்கொண்டிருந்தால் அது கச்சேரி அல்ல, அவர்கள் தங்களுக்காக வாசிப்பது. பாட்டுக் கேட்டுச் சீட்டு அனுப்பாதீர்கள். உங்கள் மாவட்டத்து மில்டவுன் மால்பேயில் 1973 முதல் ஜூலைத் தொடக்கத்தில் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி நடக்கிறது. அந்த வாரம் ஊருக்குள் எந்தக் கதவைத் திறந்தாலும் இசைதான். ஒரு மாலை போய் வாருங்கள்.

எதெது எங்கே நடக்கிறது என்று இணையத்தில் தேடி அலைய வேண்டாம். தேவாலய வாரத் துண்டறிக்கை, சூப்பர்மார்க்கெட் அறிவிப்புப் பலகை, உள்ளூர் வானொலி, இந்த மூன்றும் போதும். கால்நடைக் கண்காட்சி அறிவிப்பு வந்தால் மட்டும் விடாதீர்கள். மாடு, குதிரையோடு ஜாம், ஸ்கோன், பிரவுன் பிரெட் எல்லாவற்றுக்கும் அங்கே பரிசு உண்டு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களை 'ப்ளோ-இன்' என்பார்கள், காற்றில் பறந்து வந்தவர் என்று பொருள். மனம் நோக வேண்டாம். பக்கத்து மாவட்டத்திலிருந்து முப்பது வருடம் முன்னால் வந்தவருக்கும் அதே பெயர்தான்.

கிளப்பில் கேக் விற்பனை எப்போது என்று கேட்டு, ஒரு தட்டு மசால் வடையோடு போங்கள். என்னென்ன போட்டிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் பார்ப்பார்கள். காரத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.