கவிதைக்கு டிக்கெட் போடலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் கூரை போன மழையில் ஒழுகி, பாதிப் புத்தகங்கள் நனைந்துவிட்டன. நிதி திரட்ட ஒரு யோசனை. பெயர் பெற்ற கவிஞர் ஒருவரை அழைத்து, நூறு வருஷத்துக்கு மேலான ஒரு வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்) அவர் கவிதைகளை வாசிக்கச் சொல்வது. வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், கவிஞரும் சரி என்றுவிட்டார். எங்களுக்குள்தான் தகராறு. கவிதைக்கு டிக்கெட் போடுவது கேவலம் என்கிறார் வாசகர் வட்டத் தலைவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் ஐயா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாகப் போடுங்கள். தலைவர் முறைத்தால் 1916 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்ததைச் சொல்லுங்கள்.

வங்காளத்தின் மேற்கே பாங்குரா என்று ஒரு வறண்ட மாவட்டம். 1915-இல் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. ரவீந்திரநாத் தாகூர் அப்போது நோபல் பரிசு வாங்கி இரண்டு வருஷம் தாண்டியவர். முந்தைய ஜூனில்தான் அரசாங்கம் 'சர்' பட்டமும் கொடுத்திருந்தது. பத்திரிகையில் ஒரு வேண்டுகோள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலே போதும், பணம் வந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. சாந்திநிகேதனில் முந்தைய வருஷம் அரங்கேறிய 'பால்குனி' என்ற வசந்தகால நாடகத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து, ஜோராசாங்கோவில் தன் பூர்வீக வீட்டிலேயே பஞ்ச நிவாரணத்துக்காக நடத்தினார். நாடகம் என்று பெயரே தவிர, பாதிக்கு மேல் பாட்டும் கவிதையும்தான்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். வேலை நிமித்தமாகக் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த காலத்தில், ஊரிலிருந்து யார் வந்தாலும் டிராமில் ஏற்றிச் சித்பூர் ரோடுக்குக் கூட்டிப்போவேன். ஜாத்ரா நாடகக் கம்பெனிகளின் ஆபீசுகள், பேண்டு வாத்தியக் கடைகள், இவற்றையெல்லாம் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால் செங்கல் நிறத்தில் அந்தப் பெரிய வீடு. 1784-இல் நீல்மணி தாகூர் தொடங்கியது. உள்ளே திறந்த முற்றம், அதைப் பார்த்தபடி வளைவுகள் வைத்த 'தாக்குர்தாலான்', அதாவது பூஜை மண்டபம். கவிஞரின் அப்பா தேவேந்திரநாத், உருவ வழிபாட்டை ஏற்காத பிரம்ம சமாஜத்தில் சேர்ந்த பிறகு அங்கே துர்கா பூஜை நின்றுபோனது. பூஜை போனால் என்ன, கூத்துக்கும் பாட்டுக்கும் அது தோதான இடம். மேடை கட்ட வேண்டாம், ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் குரல் சிதறாது. உங்கள் ஊர் வளவும் ஏறக்குறைய இப்படித்தானே?

கல்கத்தா நிகழ்ச்சிக்கென்றே நாடகத்துக்கு ஒரு முன்காட்சியைப் புதிதாக எழுதிச் சேர்த்தார். ஒரு ராஜாவுக்குக் காதோரம் நரை தெரிகிறது. அவ்வளவுதான், உலகமே வெறுத்துப்போகிறது. சுருதிபூஷணர் என்ற பண்டிதர் பக்கத்தில் உட்கார்ந்து துறவைப் பற்றிச் சுலோகம் சொல்கிறார். சொல்லிக்கொண்டே தனக்கு நிலபுலன்களையும் எழுதி வாங்கிக்கொள்கிறார்! வாசலிலோ பஞ்சத்தில் அடிபட்ட குடிகள் நின்று கதறுகிறார்கள். (நாடகத்தில் அவர்களுடைய ஊர் நாகபத்தனம். நம்ம நாகப்பட்டினமா என்று கேட்டு அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அது கற்பனை ராஜ்யம்.) பஞ்ச நிவாரணத்துக்குக் காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கிற கல்கத்தாக் கனவான்களின் முகத்துக்கு நேரே இந்தக் காட்சி. நன்றி சொல்லி, பன்னீர் தெளித்து அனுப்பவில்லை மனுஷர். எனக்கு அந்த நிகழ்ச்சியிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

தாகூரே இரண்டு வேஷம் கட்டினார். முன்காட்சியில் ராஜாவைத் தட்டி எழுப்புகிற கவி. பிற்பாடு, கண் தெரியாத பாவுல் பாடகர் (பாவுல் என்றால் வங்காளத்து நாடோடிப் பாடகர்). நாடகத்தில் இளவட்டங்கள் 'கிழவனை' ஒரு குகையில் தேடிப் போகும்போது, கண் தெரியாத இவர்தான் பாடிக்கொண்டே வழிகாட்டுகிறார். அப்போது கவிஞருக்கு ஐம்பத்துநாலு வயது. மகன் முறையான ககனேந்திரநாத்தும் அவனீந்திரநாத்தும் நடித்தார்கள். இருவருமே பெரிய ஓவியர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்தப் பாவுல் வேஷத்தில் தாகூர் இருப்பதை அவனீந்திரநாத் வரைந்த படம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஓவியர்கள் குடியிருந்த அந்த வீடுதான் இல்லை, பின்னாளில் இடித்துவிட்டார்கள். கவிஞர் பிறந்து, 1941 ஆகஸ்டில் கண்மூடிய வீடு தப்பித்தது. இப்போது ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஆகவே, கேவலம் என்ற பேச்சை விடுங்கள். உங்கள் கவிஞரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நனைந்த நூலகத்துக்கென்று புதிதாக நாலு வரி எழுதி வருவாரா? பழைய கைதட்டல் கவிதைகளை அவர் எங்கும் வாசிப்பார்.

கேள்வி: ஒரு பெரிய கவிஞர் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டுவது அவருக்கு மரியாதையா? கேட்கிறவர்களுக்குத்தான் மரியாதையா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இந்தக் கேள்வி காந்திக்கும் வந்தது. சாந்திநிகேதனில் தாகூர் நடத்திவந்த விஸ்வபாரதி பல்கலைக்கழகத்துக்கு எப்போதும் பணத் தட்டுப்பாடு. 1936 மார்ச்சில் தாகூர் 'சித்ராங்கதா' நாட்டிய நாடகக் குழுவோடு வடக்கே சுற்றுப்பயணம் போனார். அப்போது எழுபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தார், உடம்பும் சரியில்லை. டெல்லியில் இதைப் பார்த்த காந்திக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த செல்வந்தர்களிடம் பேசி, பெயர் வெளியே வராமல் 60,000 ரூபாய் வாங்கிக் கொடுத்து, மீதிப் பயணத்தை ரத்து செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

காந்தி செய்தது நல்ல காரியம்தான். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். அந்த வயதிலும் தாகூர் வெறும் கையை நீட்டவில்லையே, ஒரு புதுக் கலையைக் கொண்டுபோய்க் காட்டினார். அதைக் கையேந்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது தெரியுமா? கவிஞரை ராத்திரி பஸ்ஸில் வரவழைத்து, ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆறு பேரைப் பேசவிட்டு, பத்து மணிக்கு மைக்கைக் கொடுத்து 'சுருக்கமாக முடியுங்கள்' என்று சீட்டு அனுப்புவதில் இருக்கிறது.

கேள்வி: லண்டனில் நிதிக்காகக் கவிதை வாசிப்பதெல்லாம் பணக்காரச் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்கிறாள் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள். அப்படியா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: பாதி சரி. 1917 டிசம்பரில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, சிபில் கோல்ஃபாக்ஸ் என்ற சீமாட்டியின் வீட்டில் ஒரு தர்ம காரியத்துக்காகக் கவிதை வாசிப்பு நடந்தது. தலைமை எட்மண்ட் காஸ், அந்தக் காலத்து இலக்கியப் பெரியவர். சிட்வெல் குடும்பத்துக் கவிஞர்கள், ஆல்டஸ் ஹக்ஸ்லி எல்லாம் வாசித்தார்கள். டி. எஸ். எலியட் அப்போது லாயிட்ஸ் வங்கியில் குமாஸ்தா. வேலை முடிந்து வந்து சேரக் கொஞ்சம் நேரமாகிவிட, தலைவர் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டாராம். அந்தக் குமாஸ்தா வாசித்தது நீர்யானையையும் திருச்சபையையும் ஒப்பிட்டுக் கிண்டல் செய்கிற கவிதை. சீமாட்டிகளுக்குப் பொழுது போயிருக்கும், சரி. ஆனால் முப்பது வயதைக்கூட எட்டாத ஒரு ஆளின் நல்ல கவிதையும் அன்று அரங்கேறியதே. மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்களும் ஒரு பள்ளிக்கூடத்துக்காகக் கவியரங்கம் நடத்தினோம். கூட்டம் நிறைந்தது, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் வரவு செலவுத் தாளை அனுப்பியிருக்கிறீர்கள், அதிலேயே பதில் இருக்கிறது. பன்னிரண்டு பொன்னாடை, நாலு பெரிய ஃப்ளெக்ஸ், எல்லாருக்கும் நினைவுப் பரிசு, ராத்திரிச் சாப்பாடு. அப்புறம் எங்கிருந்து மிஞ்சும்? பொன்னாடையைக் கவிஞர்களே அலமாரியில் வைக்க இடமில்லாமல் தவிக்கிறார்கள்.

ஒரே கவிஞர், ஒரு மணி நேரம், அறிமுகம் ஐந்து நிமிஷத்துக்குள். போக்குவரத்துச் செலவையும் சன்மானத்தையும் முதலிலேயே பேசி முடித்துக் கொடுத்துவிடுங்கள். சன்மானத்தை அவர் நிதிக்கே திருப்பிக் கொடுத்தால் அது அவர் பெருமை. நீங்களாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. உட்கார எத்தனை பேருக்கு இடமோ அத்தனை டிக்கெட்தான். மாணவர்களுக்குப் பாதி விலை. தனியாக ஒரு உண்டியல் வையுங்கள். டிக்கெட் பணத்தைவிட உண்டியல் கனத்தால் வாசிப்பு நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

காரைக்குடிக்காரரும் இதைப் படிப்பார் என்பதால், பழைய வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவரில் செல்லோடேப் ஒட்டினால், உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். தேக்குத் தூணில் ஆணி கூடவே கூடாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இரும்பு நாற்காலிகளை இழுத்தால் கீறல் விழும், ஜமுக்காளம் விரித்து உட்காருங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் ஓரமாகச் சில நாற்காலி, கால்களில் துணி சுற்றி. மாடி வராந்தாவில் கூட்டத்தை ஏற்றாதீர்கள், பழைய மரம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தால் தெரியாது. ஜெனரேட்டர் தெருவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கவிதைக்குப் பதில் அதைத்தான் கேட்பீர்கள். வீட்டுக்காரருக்கு ஏதாவது சேதம் ஆனால் ஈடுகட்ட, வசூலில் ஒரு சிறு தொகையை ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். அந்த வாரம் முடிந்ததும் முழுக் கணக்கையும் எழுதி, நூலக வாசலிலோ பள்ளிக்கூட வாசலிலோ ஒட்டிவிடுங்கள்.