சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஜீரண சிரப் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 56. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை அளவு கூடியிருந்ததால், சில வாரங்களுக்கு முன் மருத்துவர் மாத்திரையை மாற்றினார். அதிலிருந்து வயிற்று உப்புசமும் வாயுத் தொல்லையும் அதிகமாக இருக்கின்றன. மருந்துக்கடையில் ஒரு என்சைம் சிரப் கொடுத்தார்கள். சாப்பிட்டதும் இரண்டு தேக்கரண்டி குடிக்கிறேன். வயதானால் செரிமான நொதிகள் குறைந்துவிடுமா? இதைத் தொடரலாமா? மாத்திரை அட்டையில் க்ளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வாக்லிபோஸ் என்று மூன்று பெயர்கள் உள்ளன.

பதில்: சிரப்பை நிறுத்திவிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்து மூன்று பெயர்களையும் எழுதி அனுப்பினீர்களே, அது பெரிய உதவி. உங்கள் தொல்லைக்கான காரணம் பெரும்பாலும் அந்த மூன்றாவது பெயரில் இருக்கிறது.

வெறும் சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வாயிலேயே துண்டாக்கத் தொடங்குவதால் வரும் இனிப்பு அது. இரைப்பைக்குள் போனதும் அங்குள்ள அமிலம் இந்த நொதியை முடக்கிவிடும். அங்கே வேலை செய்வது பெப்சின். அது பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதத்தை வெட்டும், சோற்றைத் தொடாது. அடுத்து முன்சிறுகுடல். கணையம் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேலாகச் சுரக்கும் நீர் இங்கே வந்து சேர்கிறது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்க, கணைய அமைலேஸ் மாவுச்சத்தின் மிச்ச வேலையை எடுத்துக்கொள்கிறது. கொழுப்புக்கு லைபேஸ், புரதத்துக்கு டிரிப்சின் என்று மற்ற நொதிகளும் இதே நீரில்தான் வருகின்றன. பித்தநீரைப் பலர் நொதி என்று நினைக்கிறார்கள். அதில் செரிமான நொதி எதுவும் கிடையாது. கொழுப்பை நுண்துளிகளாக உடைத்து லைபேஸுக்கு வழிசெய்து கொடுப்பதே அதன் பணி.

இவ்வளவு நடந்த பிறகும் சோறு குளுக்கோஸ் ஆகிவிடவில்லை. இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸாகவும், அதைவிடச் சற்று நீண்ட துண்டுகளாகவும் நிற்கிறது. குடலோ தனித்தனிச் சர்க்கரை மூலக்கூறுகளைத்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். அந்தக் கடைசி வெட்டைப் போடுகிற மால்டேஸ், சுக்ரேஸ் போன்ற நொதிகள் குடல்நீரில் மிதப்பவை அல்ல. சிறுகுடலின் உட்சுவர் செல்களின் மேற்பரப்பிலேயே பதிந்திருப்பவை. வெட்டிய இடத்திலேயே குளுக்கோஸ் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது.

வாக்லிபோஸ் இந்தக் கடைசி நொதிகளைத்தான் தடுக்கிறது. அதனால் குளுக்கோஸ் மெதுவாக ரத்தத்துக்கு வருகிறது, சாப்பிட்டதும் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. உங்கள் மருத்துவர் விரும்பியதும் அதுவே. ஆனால், சிறுகுடலில் உடைபடாமல் தப்பிய மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு முதலிய வாயுக்களை வெளியிடும். உப்புசம் அங்கிருந்து வருகிறது. அதாவது உங்கள் உடலில் நொதி குறைந்துபோகவில்லை. இருக்கிற நொதியை மாத்திரை வேண்டுமென்றே கட்டிப்போட்டிருக்கிறது.

இப்போது சிரப் பாட்டிலின் பின்பக்கத்தைப் பாருங்கள். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான ஜீரண சிரப்புகளில் இருப்பவை இரண்டு: பூஞ்சையிலிருந்து எடுத்த டயஸ்டேஸ், பெப்சின். டயஸ்டேஸ் மாவுச்சத்தை உடைக்கும் நொதி. ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பழைய சரக்கு இது. மாவுச்சத்து மெதுவாக உடையட்டும் என்று ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, வேகமாக உடையட்டும் என்று இன்னொன்றைக் கொடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது? வாக்லிபோஸின் இனத்தைச் சேர்ந்த அகார்போஸ் மாத்திரையின் குறிப்பேட்டிலேயே, அமைலேஸ் போன்ற செரிமான நொதி மருந்துகளை உடன் எடுக்கக் கூடாது, மாத்திரையின் பலன் குறையலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. தவிர, பெப்சினுக்குக் கடுமையான அமிலம் தேவை. டயஸ்டேஸுக்கு அந்த அமிலம் ஆகாது. இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றித் தருவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சில சிரப்புகளில் சர்க்கரையும் இருக்கிறது. உங்களுக்கு அது கூடுதல் கேடு.

வயதோடு நொதிகள் குறையுமா என்று கேட்டீர்கள். கணையச் சுரப்பு ஓரளவு குறையலாம். ஆனால், கணையத்தின் கையிருப்பு மிகப் பெரியது. லைபேஸ் உற்பத்தி இயல்பான அளவில் பத்து சதவீதத்துக்கும் கீழே போனால்தான் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் வெளியேறத் தொடங்கும். நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்கு அந்த நிலை வரும். மலம் எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொள்ளும், எடை இறங்கும். அவர்களுக்கு நொதி மருந்து உண்மையாகவே உயிர்காக்கும் மருந்து. ஆனால் அது இந்த சிரப் அல்ல. இரைப்பை அமிலத்தில் கரையாத பூச்சுள்ள பான்கிரியாட்டின் கேப்சூல் அது. சாப்பாட்டோடு சேர்த்து, மருத்துவர் சொன்ன அளவில் எடுக்க வேண்டும். உங்களுக்கு அத்தகைய அறிகுறி எதுவும் இருந்தாலோ, மலத்தில் ரத்தம், கறுப்பு மலம், விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு என்று ஏதேனும் தென்பட்டாலோ, வாயு என்று ஒதுக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.

நிஜமாகவே குறையக்கூடிய நொதி ஒன்று உண்டு. பாலில் உள்ள லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ். அதுகூட முதுமையில் அல்ல, பால்குடி மறந்த பிறகு சிறு வயதிலேயே குறையத் தொடங்குகிறது. உலகில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இப்படித்தான். இரவில் ஒரு டம்ளர் பால் குடிக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். தயிர், மோர் பெரும்பாலும் தொல்லை தராது. உறையும்போதே பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன.

மாத்திரையால் வரும் வாயு பலருக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும். அதுவரை ஒரே வேளையில் நிறையச் சோறு உண்பதைக் குறையுங்கள், இனிப்பைத் தவிருங்கள். கொண்டைக்கடலை, மொச்சை சமைத்தால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். அவற்றில் உள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளை உடைக்க மனிதக் குடலில் யாருக்குமே நொதி இல்லை. மாத்திரையை உணவுக்குச் சற்று முன்னால் எடுக்கிறீர்களா என்றும் கவனியுங்கள். உணவுக்குப் பிறகு எடுத்தால் வாக்லிபோஸால் பெரிய பயன் இருக்காது. மெட்ஃபார்மினும் வயிற்றைக் கலக்கக்கூடியது. உப்புசம் தாங்க முடியாததாக இருந்தால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ உங்கள் மருத்துவருக்கு வழி உண்டு. சிரப்பையும் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் மாத்திரையில் உள்ள க்ளிமிபிரைடு சில நேரம் ரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் வீட்டில் அவசரமாக ஒரு ஸ்பூன் சர்க்கரையோ மிட்டாயோ கொடுப்பார்கள். வாக்லிபோஸ் எடுப்பவருக்கு அது கைகொடுக்காமல் போகலாம். சர்க்கரையை உடைக்கும் சுக்ரேஸ் தடுக்கப்பட்டிருப்பதால் அது ரத்தத்தில் ஏற நேரமாகும். குளுக்கோஸ் பொடிக்கு எந்த நொதியும் தேவையில்லை, நேரே உறிஞ்சப்படும். ஒரு பொட்டலம் வீட்டிலும் இன்னொன்று சட்டைப்பையிலும் எப்போதும் இருக்கட்டும். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.