வாசகர் கேள்வி – பதில்: அனுப்பியது கோப்புதானா?

கேள்வி: எங்கள் ஆவணங்களைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பைட்டியா வகை (மூல பைட்டுகளை அப்படியே வைக்கும் வகை) நெடுவரிசையில் சேமித்திருக்கிறோம். தரவுத்தளத்துக்குள்ளிருந்தே இணையக் கோரிக்கை அனுப்பும் எச்டிடிபி நீட்சியின் மூலம் அவற்றை, கோப்புகளிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும் அப்பாச்சி டிகா சர்வருக்கு அனுப்பி, உள்ளிருக்கும் உரையைப் பெற முயல்கிறோம். பதில் எண் 200, அதாவது வெற்றி, என்றே வருகிறது. உரைக்குப் பதிலாக 25504446 என்று தொடங்கும் முடிவில்லாத எண் வரிசைதான் கிடைக்கிறது. எஸ்கேப் முறையில் மாற்றி அனுப்பியபோது எண் வரிசை மறைந்தது, ஆனால் வேர்டு கோப்புகள் பிழை காட்டுகின்றன. அதே கோப்பை, இணையக் கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளையால் அனுப்பினால் சரியாக வருகிறது. சர்வரில் என்ன கோளாறு?

பதில்: சர்வரில் கோளாறு இல்லை என்பதற்கு உங்கள் கர்ல் சோதனையே சாட்சி. 25, 50, 44, 46 என்பவை விழுக்காட்டுக் குறியையும் அதைத் தொடர்ந்து வரும் பி, டி, எஃப் எழுத்துகளையும் குறிக்கும் பதினாறடிமான எண்கள். ஒவ்வொரு பிடிஎஃப் கோப்பும் இப்படித்தான் தொடங்கும். தரவை அனுப்ப உதவும் நீட்சியின் புட், போஸ்ட் சார்புகள் உள்ளடக்கத்தை எழுத்து வகையாகவே கேட்கின்றன என்பதால் நீங்கள் பைட்டியாவை எழுத்தாக மாற்றியிருப்பீர்கள். போஸ்ட்கிரெஸ் 9.0 பதிப்பு முதல், அவ்வாறு மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் இரண்டு எழுத்துகளாகி, முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடும் எக்ஸும் சேர்ந்துகொள்ளும். டிகாவின் கண்ணுக்கு அது வெறும் உரைக்கோப்பு. வந்த உரையை வந்தபடியே திருப்பித் தந்துவிட்டு 200 என்கிறது. இந்த நேர்மையான 200 தான் பலரையும் நாள்கணக்கில் அலைய வைக்கிறது.

எஸ்கேப் முறை இதைவிட மோசமானது. அது சாதாரண எழுத்துகளைத் தொடாமல், சுழியப் பைட்டுகளையும் 127க்கு மேற்பட்டவற்றையும் மட்டும் நான்கு எழுத்துகளாக விரிக்கிறது. ஆகவே கோப்பின் தலைப்பகுதி பார்வைக்குச் சரியாக இருக்கும், சுருக்கப்பட்ட உடற்பகுதி சிதைந்திருக்கும். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி என்பதால் அது உடனே உடைகிறது.

ஊகிப்பதை விட அளப்பதே நல்லது. தரவுத்தளத்தில் பைட்டுகளை எண்ணும் ஆக்டெட் லெங்த் சார்பு தரும் அளவையும், கோரிக்கையின் கன்டென்ட் லெங்த் தலைப்பில் உள்ள அளவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோரிக்கையின் அளவு இரு மடங்கும் கூடுதலாக 2 பைட்டுகளும் இருந்தால் பதினாறடிமானம். மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமாகக் கூடியிருந்தால் பேஸ்64 என்ற மற்றோர் எழுத்து மாற்று முறை. இரண்டும் சமமாக இருந்தால்தான் போனது உங்கள் கோப்பு. இதற்கான வழி அதே நீட்சியில் இருக்கிறது: பைட்டியா டு டெக்ஸ்ட் என்ற சார்பு பைட்டுகளை மாற்றாமல் எழுத்து வகை என்ற போர்வையை மட்டும் போர்த்துகிறது. அதன் விளைவை நேரே புட் சார்புக்குக் கொடுத்துவிடுங்கள். வேறு எழுத்துச் சார்புகளுக்குள் செலுத்தவோ அட்டவணையில் சேமிக்கவோ வேண்டாம்.

கேள்வி: சிறிய கோப்புகள் சரியாகப் போகின்றன, பெரியவை சில நொடிகளில் அறுந்துவிடுகின்றன. அட்டவணையில் மாற்றம் நேரும்போது தானாக இயங்கும் ட்ரிக்கரிலிருந்தே அனுப்புகிறேன்.

பதில்: அந்த நீட்சி தானாக விதித்துக்கொள்ளும் காலவரம்பு 5 நொடிகள், நூறு பக்க ஆவணத்துக்கு அது போதாமல் போகலாம். நீட்சி உள்ளே பயன்படுத்தும் கர்லின் டைம்அவுட் அமைப்பை மில்லிநொடிகளில் உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் ட்ரிக்கருக்குள் இதைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: டிகா யோசித்து முடிக்கும்வரை உங்கள் பரிவர்த்தனை திறந்தே கிடக்கும், அது பிடித்திருக்கும் பூட்டுகளும் விடுபடா. ட்ரிக்கர் ஒரு காத்திருப்பு வரிசை அட்டவணையில் கோப்பின் எண்ணை மட்டும் எழுதட்டும். அனுப்பும் வேலையைத் தரவுத்தளத்துக்கு வெளியே இயங்கும் ஒரு தனி நிரல் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: சில கோப்புகளுக்கு 413, சிலவற்றுக்கு 422, இன்னும் சிலவற்றுக்கு 200 வந்தும் வெறுமை.

பதில்: 413 என்றால் அனுப்பியது அளவுக்கு மீறியது என்று பொருள். அது வந்தால் டிகாவுக்கு முன்னால் இடையில் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சர்வரைப் பாருங்கள், மாற்றாவிட்டால் அது ஏற்கும் கோரிக்கை உள்ளடக்கத்தின் அளவு வரம்பு 1 எம்பிதான். 422 என்றால் டிகா கோப்பைப் பெற்றுக்கொண்டது, ஆனால் கடவுச்சொல் பூட்டு அல்லது ஆதரவில்லாத வகை காரணமாகத் திறக்க முடியவில்லை. வெறுமையாக வருபவற்றில் ஒன்றைத் திறந்து, ஒரு வரியைச் சுட்டியால் தெரிவுசெய்து பாருங்கள். தெரிவாகவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். சர்வர் இயங்கும் கணினியில், படத்திலுள்ள எழுத்துகளைப் படிக்கும் டெசராக்ட் நிரலை நிறுவாமல் அதிலிருந்து உரை வராது.