கேனன் இன் டி: ‘ஒரிஜினல்’ என்று விற்பதை வாங்கலாமா?

தம்பிக்கு அடுத்த மாதம் சர்ச்சில் கல்யாணம். பெண் உள்ளே நடந்து வரும்போது ஜெர்மன் இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் ‘கேனன் இன் டி’ வாசிக்க ஆசை. இருப்பது இரண்டு வயலின், ஒரு கீபோர்டு. இணையத்தில் ‘ஒரிஜினல்’ என்று 900 ரூபாய்க்கு ஒரு நோட்டேஷன் கிடைக்கிறது, வாங்கலாமா, பிறகு காப்புரிமைத் தொல்லை வருமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வாங்காதீர்கள். பாகெல்பெல் 1706-இல் இறந்தவர், அவர் கைப்பட எழுதிய கேனன் யாரிடமும் இல்லை. பெர்லின் அரசு நூலகத்தில் இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் யாரோ எழுதி வைத்த நகல். அச்சில் வந்ததே 1919-இல்தான். 1968-இல் பிரான்சின் ஜான் ஃபிரான்சுவா பையார் தன் குழுவோடு மிக மெதுவாக வாசித்து ரெக்கார்டு செய்தார், அந்தப் பதிவுதான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, நம் காதில் ஊறியிருப்பதும் பெரும்பாலும் அந்த நடைதான். ஆக அட்டையில் ‘ஒரிஜினல்’ என்றோ ‘உர்டெக்ஸ்ட்’ (இசையமைத்தவர் எழுதியபடியே என்று அர்த்தம்) என்றோ போட்டிருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அந்தச் சொற்களை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை.

நோட்டேஷன் படிக்கத் தெரியாதவர்கூடச் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. பாகெல்பெல் எழுதியது மூன்று வயலினுக்கும், கீழே தாழ்ந்த சுரத்தில் ஓடும் ஒரு பேஸ் வரிக்கும். பேஸில் எட்டே நோட்டு: டி, ஏ, பி, எஃப் ஷார்ப், ஜி, டி, ஜி, ஏ. டி-யை ஸட்ஜமாக வைத்தால் ச ப த க ம ச ம ப. இதே இரண்டு பார் (ஒரு பார் என்பது நான்கு அடி கொண்ட ஒரு கட்டம்) 28 தடவை திரும்பத் திரும்ப வரும். முதல் வயலின் மூன்றாவது பாரில் ஆரம்பிக்கும், இரண்டாவது வயலின் ஐந்தாவது பாரில், மூன்றாவது ஏழாவது பாரில், மூன்றுக்கும் ஒரே பாட்டு. அந்த மூன்று இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கோலத்தின் புள்ளிபோல அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது வயலினுக்கு வேறு ஏதோ துணை வரி இருந்தாலோ, வியோலா என்று ஒரு பார்ட் இருந்தாலோ அது பிறகு வந்த ஒருவர் மாற்றி அமைத்த அரேஞ்ச்மென்ட். அரேஞ்ச்மென்ட் மோசம் என்று சொல்லவில்லை, செய்தவர் பெயரைப் போடாமல் விற்பதுதான் மோசம்.

எனக்கே இந்த அனுபவம் உண்டு. பல வருஷம் முன்பு ஒரு கடையில் பைண்டிங் போட்ட புத்தகமாக இதை வாங்கினேன். பதிப்பகத்தின் பெயர் இல்லை, அரேஞ்ச் செய்தவர் பெயரும் இல்லை. ஒத்திகையில் மூன்று பேரும் நடுவில் வேறு வேறு இடத்தில் நிற்கிறோம், பார்த்தால் ஒரு பார்ட்டில் மட்டும் நான்கு பார் காணோம். ஜெராக்ஸ் எடுக்கும்போது ஒரு வரி விழுந்துவிட்டது. இணையத்தில் விற்பவர்களில் பலரும் இதே வேலைதான் செய்கிறார்கள்: இலவசமாகக் கிடைப்பதை இறக்கி, மேலே ஒரு வண்ண அட்டை ஒட்டி விலை வைப்பது. முன்னோட்டம் என்று முதல் பக்கத்தை மட்டும் காட்டுவார்கள், அதில் பேஸும் நீண்ட நோட்டுகளும்தான் இருக்கும். முப்பத்திரண்டாம் நோட்டுகள், அதாவது மிக வேகமான குட்டி நோட்டுகள், பாயும் இடம் உள்ளே ஒளிந்திருக்கும். ‘ஏழு நாள் இலவசம்’ என்று கார்டு எண் கேட்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகத்துக்குப் போங்கள், இலவசம். ஒவ்வொரு கோப்பின் கீழும் பதிப்பாசிரியர் பெயரும் காப்புரிமை நிலையும் இருக்கும், அதைப் படித்துவிட்டு இறக்குங்கள்.

சரி, காப்புரிமை. பாகெல்பெல்லின் இசைக்கு இல்லை. அதை அரேஞ்ச் செய்தவருக்கு இருக்கலாம், இந்தியாவில் அவர் இறந்து 60 வருஷம் வரை. இதைப் பதிப்பித்தவர்களில் ஒருவரான மாக்ஸ் ஸைஃபர்ட் 1948-இல் இறந்தார், அவர் பதிப்பு இங்கே எல்லோருக்கும் பொது. பையார் 2013 வரை இருந்தவர், அவருடைய அரேஞ்ச்மென்ட் அப்படியில்லை. ஆனால் வாசிப்பதற்கு உங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது, இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்வதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கில் இசையை வாசிப்பது மீறல் ஆகாது என்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறது. சர்ச்சுக்குள் நீங்கள் வாசிக்க யாரும் பணம் கேட்க முடியாது. ஆனால் அந்த விலக்கு வாசிப்பதற்கு மட்டும். காப்புரிமை உள்ள ஒரு பிரதியை வாங்கி மூன்று பேருக்கு ஜெராக்ஸ் போட்டால் அது இதில் வராது. வாட்ஸ்அப்பில் குழுவுக்கு அனுப்பினாலும் வராது. கல்யாண வீடியோவை யூடியூபில் ஏற்றினால் அங்கேயும் இந்த விலக்கு செல்லாது. இவ்வளவு எளிய விஷயத்தை ஒரு சாதாரண மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் ‘லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்’ என்று வந்து நிற்கிறார்கள். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

உங்கள் மூன்று பேருக்கு அரேஞ்ச்மென்ட்டே தேவையில்லை. கீபோர்டு வாசிப்பவர் இடது கையில் பேஸ், வலது கையில் மூன்றாவது வயலின் வரி. வேகமான இடத்தில் வலது கை திணறினால் நோட்டுகளைக் குறைத்துக்கொள்ளட்டும், மேலே இரண்டு வயலினும் ஓடிக்கொண்டிருக்கும். முழுதும் வாசிக்க நேரம் இருக்காது. நிமிஷத்துக்கு 60 அடி என்று வைத்தால் பேஸின் ஒரு சுற்று 8 விநாடி, ஒன்றரை நிமிஷத்துக்குப் பதினோரு சுற்று போதும். பெண் முன்னால் வந்து நின்றதும் ஒருவர் தலையசைக்க வேண்டும், ஓடுகிற சுற்றை முடித்து அடுத்த டி-யில் எல்லோரும் சேர்ந்து நிறுத்துங்கள். வேறு எங்கே வெட்டினாலும் அந்தரத்தில் தொங்கும். கீபோர்டுக்காரரிடம் இருப்பது சி மேஜர் புத்தகம் என்றால் கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸை +2 வைத்தால் வயலினோடு சேர்ந்துவிடும். அடுத்த ஞானப்பாட்டுக்கு முன்னால் அதை மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.