வாகனத் தடையால் காற்று சுத்தமானதா? எப்படி உறுதி செய்வது?

கேள்வி: எங்கள் பகுதிக் கடைத்தெருவில் ஒரு மாதமாக வாகனங்களுக்குத் தடை. நாங்கள் வாங்கிய மீட்டரில் நுண்துகள் அளவு 30 சதவீதம் குறைந்திருக்கிறது. தடையால் காற்று சுத்தமாகி, குழந்தைகளின் ஆஸ்துமாவும் குறைந்துவிட்டது என்று மாநகராட்சிக்கு எழுதலாமா?

பதில்: இப்போதே எழுத வேண்டாம். உங்கள் ஆர்வம் சரியானது, ஆனால் கையில் இருக்கும் ஆதாரம் போதாது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது நகரத்தில் கார்களைக் குறைத்தார்கள். வாகனப் புகையிலிருந்து வெயிலில் உருவாகி, நாம் சுவாசிக்கும் காற்றைக் கெடுக்கும் ஓசோன் வாயு சுமார் 28 சதவீதம் இறங்கியது. குழந்தைகளின் ஆஸ்துமா அவசர சிகிச்சை, ஒரு காப்பீட்டுப் பதிவேட்டின்படி, 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2001இல் இந்த ஆய்வு வந்தபோது பலரும் நம்பினார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் சுற்றுவட்டார நகரங்களைப் பார்த்தார்கள். போட்டியே நடக்காத ஊர்களிலும் அதே நாட்களில் ஓசோன் இறங்கியிருந்தது! பெரும்பங்கு வானிலையுடையது. மற்ற ஆண்டுகளின் அதே வாரங்களோடு ஒப்பிட்டதும், மருத்துவமனை எண்ணிக்கையிலும் தெளிவான குறைவு தெரியவில்லை.

அதனால் முதல் வேலை, தடை இல்லாத ஒத்த தெரு ஒன்றிலும் அளப்பது. பக்கத்துத் தெருவையும் விடாதீர்கள், வண்டிகள் அங்கே திரும்பியிருக்கலாம். அப்புறம், நுண்துகள் தொலைவிலிருந்தும் காற்றில் வரும், ஈரப்பதம் ஏறினால் மலிவான மீட்டர் கூட்டிக் காட்டும். வாகனப் புகையைப் பிடிக்க நைட்ரஜன் டை ஆக்சைடுதான் நல்ல அடையாளம். அதை அளக்க மின்சாரம் வேண்டாத சிறு குழாய்கள் உண்டு. கம்பத்தில் கட்டி, சில வாரம் கழித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

ஆஸ்துமா கணக்குதான் கடினம். ஒரு தெருவில் மாதத்துக்கு நாலைந்து குழந்தைகள்தான் சிகிச்சைக்கு வருவார்கள். அதில் இரண்டு குறைந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். பள்ளி விடுமுறையும் சளிக் காய்ச்சல் பருவமும் எண்ணிக்கையை ஆட்டிவைக்கும். நகரம் முழுவதற்கும், வாரவாரியாக, பல ஆண்டுப் பதிவு வேண்டும். பொறுமையும் வேண்டும்: சுவீடனின் ஸ்டாக்ஹோமில் நெரிசல் கட்டணம் (நகர மையத்துக்குள் போய்வரும் வண்டிகளுக்கான கட்டணம்) வந்ததும் காற்று மாசு சீக்கிரமே குறைந்தது, சிறு குழந்தைகளின் ஆஸ்துமா மெதுவாகத்தான் இறங்கியது.

அதே ஸ்டாக்ஹோமில் 2006இல் ஏழு மாதம் சோதனை நடத்தி, கட்டணத்தை நிறுத்தி, 2007இல் மறுபடி கொண்டுவந்தார்கள். போக்குவரத்தும் கூடவே இறங்கி, ஏறி, மீண்டும் இறங்கியது. எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று வகை இதுதான். உங்கள் தெருவிலும் தடையை எடுத்தால், குழாய்களைக் கழற்றிவிடாதீர்கள். அப்போது அளவு ஏறி, ஒப்பீட்டுத் தெருவில் ஏறாமல் இருந்தால், தைரியமாக மாநகராட்சிக்கு எழுதுங்கள்.